பத்திநாதன் உடைத்த கட்டிகள்

பூமியைத் தோண்டுவதில் பத்திநாதனை மிஞ்ச இந்த உலகத்தில் ஆள் கிடையாது. மலையைக் குடைந்து ஆற்றைத் திருப்புவதற்கு வெளிநாட்டிலிருந்து இயந்திரம் இறக்கினார்களே, அது வீண் வேலை. இவர் கையில் ஒரு மம்பட்டியையும் மடியில் நாலு வெற்றிலையையும் கொடுத்திருந்தால், காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துக் கொழுந்து பறிக்கப் போனவர்கள் பகல் சோற்றுக்குத் திரும்புவதற்குள் சுரங்கத்தை முடித்துவிட்டு, அடுத்த மலை எது என்று கேட்டிருப்பார். அட்டனில் இறங்கினால் நானுஓயாவில் தலையைக் காட்டுவார். பூமிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறவன் உள்ளங்காலில் இவருடைய அலவாங்குக் கம்பி குத்தி, அவன் பொலிசில் முறைப்பாடு கொடுக்காததுதான் பாக்கி.

தோட்டத்தில் அவரைப் பற்றி இப்படித்தான் கதை ஓடியது. அதில் பாதிக்கு மேல் பக்கத்துக் காம்பரா வீட்டுத் தனுஷிகா கட்டிவிட்டது. இதை எழுதுகிறவளும் அவள்தான்.

உண்மையில் அவர் தோண்டியது ஒரு துண்டு நிலம். கீழ் லயத்து வரிசை வீடுகள் இருந்த இடம். கார்த்திகை மழையில் மேல் மலை இறங்கி அந்த லயத்தை ஒரே மூச்சில் மூடியபோது பத்திநாதன் நல்லதண்ணியில் இருந்தார். யாத்திரைச் சீசனுக்குக் கடை போடுகிற முதலாளிக்குக் கம்பு நட்டுத் தகரம் அடிக்கிற வேலை. பாதையெல்லாம் உடைந்து, பஸ் நின்று, அவர் காடு மேடு ஏறி நடந்தே வந்து சேர்ந்தபோது மற்ற வீட்டுப் பிணங்களை எல்லாம் எடுத்திருந்தார்கள். அவருடைய மனைவி சிசிலி மட்டும் கிடைக்கவில்லை. மலை இன்னும் அசைகிறது என்று தேடுவதை நிறுத்தினார்கள். பாதர் மண் மேட்டின் ஓரத்தில் நின்று செபம் சொன்னார். "இதையே அடக்கமா நெனச்சிக்கங்க பத்திநாதன்" என்றார். பத்திநாதன் தலையை ஆட்டினார்.

ஆனால் அவரால் அப்படி நினைக்க முடியவில்லை. அடுத்த கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் தங்கள் தங்கள் குழிகளைப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுதிரி ஏற்றினார்கள். இவர் ஒரு பெட்டி மெழுகுதிரியைக் கையில் வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்தின் நடுவில் நின்றார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் பெட்டியைத் திறக்காமலே கொண்டுவந்தார். மறு வாரமே கண்டாக்கு றிச்சர்டிடம் போய் அந்த நிலத்தை மரக்கறி போடக் கேட்டார்.

"அந்தக் களிமண்ணுல என்னய்யா வெளையும்? சட்டி பான வேணும்னா வெளையும்" என்றார் கண்டாக்கு.

"கோவா போடலாம்னு பாக்குறேங்கையா. லீக்ஸ் போடலாம். கொஞ்சம் பண்படுத்தினா வரும்."

தோட்டத்து வேலைக்காட்டை எல்லாம் மேய்க்கிற மனிதர் என்றாலும் றிச்சர்ட் கல் மனசுக்காரர் இல்லை. அவர் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "மேலாகக் கொத்திக்க. முழங்கால் ஆழத்துக்குக் கீழ எறங்கினன்னு தெரிஞ்சா அன்னைக்கே நிப்பாட்டிப்புடுவேன். மேல நிக்கிற மலை இன்னும் தூங்கல, கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருக்கு, அவ்வளவுதான்."

அந்த நிலத்தை நிலம் என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு வருசமாக ஆள் கால் படாமல் களை மண்டிக் கிடந்தது. அவசரத்தில் பத்திநாதன் ஈரத்தோடேயே கொத்தினார். களி மம்பட்டியைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஒவ்வொரு வெட்டுக்கும் குச்சியால் வழித்தார். வெட்டிப் போட்டதெல்லாம் வெயிலில் காய்ந்து செங்கல்லாகி நின்றது. வரப்பில் நின்ற மீனம்மா, "என்னண்ணே, வீடு கட்டப் போறீங்களா? கல்லு நல்லா வெந்திருக்கே" என்றாள். சிசிலியோடு ஒரே மலையில் கொழுந்து பறித்தவள் அவள். வாய் நீளம், ஆனால் மாட்டுச் சாணத்தைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து வந்து கொட்டியதும் அவள்தான்.

பிறகு பத்திநாதன் மண்ணுக்குப் பொறுமை காட்டக் கற்றார். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டுவார். ரொட்டி மா மாதிரி நீண்டால் அன்று மம்பட்டியைத் தொடமாட்டார். உதிர்ந்தால்தான் இறங்குவார். தண்ணீர் தேங்காமல் ஓரத்தில் கான் வெட்டினார். மானாப்புல்லைக் காயவைத்து நறுக்கிப் போட்டார். தேயிலை ஸ்டோரில் அடுப்புச் சாம்பலைக் கேட்டு வாங்கிக் கலந்தார். இதெல்லாம் எல்லாரும் செய்கிறதுதான். இவர் செய்த வேறொன்றை யாரும் செய்யமாட்டார்கள். வெட்டி எடுத்த ஒவ்வொரு கட்டியையும் கையில் எடுத்து, பிட்டு, விரலால் நசுக்கி, தூளாக்கிப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். தேங்காய் அளவுக் கட்டியானாலும் சரி, நெல்லிக்காய் அளவானாலும் சரி. ஒரு பொட்டு மண்கூட அவர் விரலுக்குத் தப்பவில்லை.

"மாமா, கோவாவுக்குப் பவுடர் பூசி வளக்கப் போறீங்களா?" என்று தனுஷிகா கேட்டாள்.

"வேர் பொண்ணு மாதிரி புள்ள. கட்டி குத்தினா கோவிச்சிக்கும்."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், அவர் எதற்காகக் கட்டியை உடைக்கிறார் என்று. தெரிந்ததை யாரும் வாயால் சொல்லவில்லை. கிண்டல் பண்ணுவது சுலபமாக இருந்தது.

மாசி முடிய, தன் வீட்டுப் பழைய சமையல்கட்டு இருந்திருக்கும் என்று அவர் கணக்குப் போட்ட மூலையில் குழி தோள் ஆழத்துக்குப் போய்விட்டது. கண்டாக்கு வருகிற சத்தம் கேட்டால் குறுக்கே கம்பைப் போட்டு மானாப்புல்லைப் பரப்பி மூடிவிடுவார். சித்திரை மழை கிட்டி வந்துகொண்டிருந்தது. நுவரெலியாப் பக்கம் சாயந்திரங்களில் இடி உருட்டத் தொடங்கியிருந்தது. மழைக்கு முன்னால் அவளை எடுத்துவிட வேண்டும். எலும்பாகவாவது. ஒரு பெட்டியில் வைத்து, மண் போட்டு, தலைமாட்டில் ஒரு சிலுவை நட வேண்டும். சோறும் சரியாகத் தின்னவில்லை. நகக்கண் எல்லாம் வெடித்து, பிட்ட மண்ணில் அங்கங்கே இரத்தம் தெரிந்தது.

"அண்ணே, மழை விழுந்தா அந்தக் குழியில நீங்களும் போயிருவீங்க" என்றாள் மீனம்மா. அன்று அவள் பேச்சில் கிண்டல் இல்லை.

"போனா ஒரே குழி. பாதருக்கு வேலை மிச்சம்" என்றார் பத்திநாதன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, உடுப்பை மாற்றிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். மூலையில் களிக்குள்ளிருந்து நீலமாக ஏதோ எட்டிப் பார்த்தது. விரலால் தோண்டினார். செபமாலை. நீல மணி. சிசிலி கழுத்தில் கிடந்ததும் நீல மணிதான்.

அவர் அதைச் சட்டையில் துடைத்தார். ஒரு மணியைப் பெருவிரலால் தேய்த்தார், கோத்த கம்பியைத் தேய்த்தார். பிறகு குழியின் அடியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சாய்ந்து நின்ற பக்கச் சுவரையும் பார்த்தார். இரண்டு கையையும் ஊன்றி மேலே ஏறி வந்து வரப்பில் உட்கார்ந்து, "மீனம்மா" என்று கூப்பிட்டார். "சிசிலி மாலை."

தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு சின்னப் பெட்டி செய்தார்கள். உள்ளே மாலையையும் அந்தக் குழியிலிருந்து ஒரு பிடி களியையும் வைத்தார்கள். பாதர் வந்தார். கண்டாக்கு றிச்சர்ட் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றார். குழி எவ்வளவு ஆழம் என்று அவர் கேட்கவில்லை. பெட்டி ஒரு பச்சைக்குழந்தைப் பெட்டி அளவுதான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் மீனம்மா அலறினாள். அதுவரை யார் முன்னாலும் அழாத பத்திநாதன், மண் தள்ளும்போது உடைந்து, கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று இரண்டு மெழுகுதிரி ஏற்றினார். காற்று அணைத்தது. மறுபடியும் ஏற்றினார்.

வந்த கையோடு நிலத்துக் குழியை மூடினார். அடியில் புல், அதன் மேல் சாணம், சாம்பல், அதற்கு மேல் அவர் விரலால் உடைத்த மண். மழை வந்தது. மலை அசையவில்லை. தண்ணீர் கான் வழியாக ஒழுங்காகப் போயிற்று. மழை விட்டதும் நாற்று நடக் கயிறு பிடித்தார். மண் சல்லடையில் சலித்த மாதிரிக் கிடந்தது. காலை வைத்தால் அமுங்கியது. இவ்வளவு பண்பட்ட களியைத் தான் எங்கேயும் கண்டதில்லை என்று கண்டாக்கு சொல்லிவிட்டுப் போனார். பத்திநாதன் குனிந்து கயிற்றை இழுத்துக் கட்டினார். அந்த மண்ணுக்குக் கீழே யார் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

தனுஷிகா லீக்ஸ் நாற்றுக் கட்டோடு வந்து, எதிர் வரிசையில் குந்தி நடத் தொடங்கினாள். "மாமா, இந்த மண்ணுல செருப்ப நட்டாக்கூட சப்பாத்தா காய்க்கும்" என்றாள்.

"தனு."

"சொல்லுங்க மாமா."

"அந்த மாலைய அட்டன்ல எந்தக் கடையில வாங்கின?"

"எந்த மாலை?"

"ஒரு வருசத்துக்கு மேல களிக்குள்ள கெடந்த கம்பி துருப்புடிக்காம மின்னுமா புள்ள? மணி இடுக்குல ஒரு பொட்டு மண்ணு இல்ல. மேல மட்டும் பூசியிருந்திச்சி, கேக்குக்கு ஐசிங் வச்ச மாதிரி."

அவள் கையிலிருந்த நாற்று வேர் மேலாக மண்ணுக்குள் போயிருந்தது. அவர் எட்டி அதைப் பிடுங்கி நேராக வைத்து, சுற்றி மண்ணை அழுத்தினார்.

"தெரிஞ்சிருந்தா ஏன் மாமா பாதருகிட்ட சொல்லல? ஏன் அதுக்குப் போயி பெட்டி செஞ்சீங்க?"

அவர் அடுத்த நாற்றை எடுத்தார். வேரில் ஒட்டிய மண்ணை உதிர்த்தார்.

"குழிக்குள்ள ஓங் காலடி கெடந்திச்சி. மூலை வரைக்கும் போயிட்டு வந்திருக்க. அந்தப் பக்கச் சொவரு எந்நேரமும் விழுற மாதிரி நின்னுச்சி, ஒனக்குத் தெரியாது" என்றார். "நான் கோயில்ல முழங்காலு போட்டுக்கிட்டு இருந்தப்ப நீ அதுக்குள்ள நின்னிருக்க. இன்னொருத்தியையும் அந்தக் களியில தேட என்னால ஆவாது புள்ள. அதான் மூடிட்டேன்."