உறைமேல் இருந்த பெயர்

கல்யாணமாகி மலாக்காவில் காஜா பெராங்குக்கு வந்த முதல் வாரத்திலேயே என் கணவரிடம் சொல்லிவிட்டேன், தினமும் ஒரு பக்கம் எழுதுவேன், தடை சொல்லக் கூடாது என்று. அவர் நில அளவை அலுவலகத்தில் கிராணி, குமாஸ்தா வேலை. "வீட்டு வேலை முடிஞ்சா என்ன வேணும்னாலும் செய்," என்றார். வேலை முடிகிற வீடு எங்கே இருக்கிறது என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை.

ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறு வருஷம் படித்த தமிழ்தான் என்னிடம் இருந்தது. மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் சாப்பாட்டு மேஜையில் உட்காருவேன். பெரியவனுக்கு அம்மை போட்டிருந்தபோதும் எழுதினேன். சின்னவளைப் பெற்ற வாரம் மட்டும் விட்டுப்போயிற்று. நன்றாக வந்த நாட்கள் குறைவு. ரொட்டிக்காரர் மணியடிப்பார், குழந்தை எழுந்துவிடும், வாக்கியம் பாதியில் நிற்கும். திரும்பி வந்து பார்த்தால் அது எங்கே போகப் பார்த்தது என்று எனக்கே புரியாது.

தேறியதைப் பத்திரிகைக்கு அனுப்புவேன். கதையின் அடியில் என் பெயர் இருக்கும். உறையில் ஆங்கிலத்தில் விலாசம் எழுத எனக்கு வராது என்பதால் அதை என் கணவர் எழுதுவார். அனுப்புநர் இடத்தில் தம் பெயரைப் போடுவார். ஏழு வருஷத்தில் ஒரு கதைகூட அச்சாகவில்லை.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், அந்தப் பத்திரிகை போட்ட சிறப்பு மலரில் என் கதை வந்தது. வலி கண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் லாரியிலேயே பிள்ளை பெறுகிற ரப்பர்ப் பாலுக்காக மரம் வெட்டும் ஒரு பெண்ணின் கதை. மலரைக் கொண்டுவந்து கொடுத்தவரே என் கணவர்தான். கதைக்கு மேலே அவர் பெயர் இருந்தது.

"ஆபீஸ்ல எல்லாரும் கை கொடுத்தாங்க," என்றார். முகத்தில் வெட்கமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? சிரிச்சேன். ஒரு பொம்பள மனசு உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்னு ஒருத்தன் கேட்டான்."

"நான் எழுதலேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அத்தனை பேர் முன்னாலயா? விடும்மா. பேரு இப்ப அவங்களுக்குப் பழகிடுச்சு. அடுத்த கதையும் இப்படியே போனா போட்டுடுவாங்க."

கெட்ட எண்ணத்தில் அவர் அதைச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. மறுநாள் மத்தியானம் மேஜையில் உட்கார்ந்து ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்கடுத்த நாள் எழுதியது பத்திரிகைக்கு ஒரு கடிதம்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஆண்கள் பெண் பெயரில் எழுதுவது வழக்கமாம். என் பெயரையும் அப்படிப் புனைபெயர் என்று நினைத்து, மலருக்கு உண்மைப் பெயர் வேண்டியிருந்ததால் உறையில் இருந்ததைப் போட்டார்களாம். திருத்தம் போட இடமில்லை, வருந்துகிறோம் என்று முடித்திருந்தார்கள்.

கடிதத்தை என் கணவரும் படித்தார். அந்த வெள்ளிக்கிழமை ஜாலான் துக்காங் எமாஸ் தெருவிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தோம். வாசலில் அவருடைய அலுவலக நண்பர் நின்றிருந்தார். என் கணவர் அவரை நிறுத்தி, "அந்தக் கதை நான் எழுதினது இல்லப்பா. இவ எழுதினது," என்றார்.

நண்பர் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார், பிறகு சிரித்தார். "அண்ணனுக்கு எப்பவும் அடக்கம்தான் லா. பேர வீட்டுக்காரம்மாவுக்கே கொடுத்துட்டாரு பாருங்க!"

என் கணவர் இன்னொரு முறை சொன்னார். நண்பர் இன்னும் பலமாகச் சிரித்தார்.

பக்கத்து வீட்டில் மலாக்கா செட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழர் வழி. எங்களைப் போலவே திருநீறு பூசுவார்கள், பேசுவது மலாய். அந்த வீட்டுப் பெண்ணுக்கு என் வயதுதான். தமிழ் அவளுக்குப் படிக்க வராது, ஆங்கில எழுத்து அழகாக எழுதுவாள். அவளிடம் போய் என் பெயரையும் பத்திரிகை விலாசத்தையும் எழுதித் தரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். நடந்ததை எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். "அப்போ அந்த லாரிப் பெண்ணுக்கு என்ன ஆச்சு, அதைச் சொல்லு," என்றாள் மலாயிலேயே. சொல்லி முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. ஏழு வருஷத்தில் என் கதையை என் கதையென்று கேட்ட முதல் ஆள் அவள்தான்.

அவள் எழுதித் தந்ததைப் பார்த்துப் பார்த்துப் பழகி, உறைகளை நானே எழுதினேன். ஒன்றன்பின் ஒன்றாகப் போன கதைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. ஒன்றில் மட்டும் சிவப்பு மையில் குறிப்பு இருந்தது: 'தங்கள் கணவரின் நடையைப் பின்பற்ற முயன்றிருக்கிறீர்கள். சொந்த நடைக்கு முயலவும்.'

அதைப் படித்துவிட்டு அழுதேனா சிரித்தேனா என்று இப்போது நினைவில்லை. அடுப்பில் சோறு அடிபிடித்தது நினைவிருக்கிறது. எழுதிய நோட்டுகளையெல்லாம் கட்டிப் பழைய பேப்பர்காரருக்குப் போட எடுத்து வைத்தேன். என் கணவர்தான் கட்டைப் பிரித்து அலமாரியில் மறுபடி அடுக்கினார்.

பிறகு என் பெயரில் இரண்டு கதைகள் வந்தன, வெகுகாலம் கழித்து. யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போதும் மத்தியானம் உட்காருகிறேன். நேற்று எழுதியதை முழுக்க இன்று காலை கோடு போட்டு அடித்துவிட்டேன்.