ஸ்கேல் சிஸ்டர்

உள்ளங்கைகள் இரண்டையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்ட பிறகுதான் அவர் யாருடைய தோலையும் தொடுவார். புண் இருந்தால் கையுறை, இல்லாவிட்டால் வெறுங்கை. "ஏற்கெனவே பயந்துபோய் வர்றாங்க. ஜில்லுனு கைய வச்சா இன்னும் சுருங்கிடுவாங்க." தொட்டுப் பார்த்தபின் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்று வெளியே வரும். மருத்துவமனை முழுக்க அவருக்கு ஸ்கேல் சிஸ்டர் என்றே பெயர்.

தோல் பிரிவில் டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நோயாளியைப் பார்த்துச் சீட்டு எழுதுவது அவர் வேலை. எந்த இடம், எத்தனை, என்ன அகலம், என்ன நிறம், ஓரம் தெளிவா கலங்கலா, செதில் உண்டா, அரிப்பு உண்டா, எப்போதிலிருந்து. நிறம் எழுத ஜன்னலோரம் உட்கார வைப்பார். டியூப்லைட் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. ஒரு பெரியவர், "மொதல்ல பட்டாணி அளவுதாம்மா இருந்துச்சு" என்றார். "பச்சைப் பட்டாணியா, காஞ்ச பட்டாணியா?" என்று கேட்டபடியே சிஸ்டர் மில்லிமீட்டர் கணக்கைப் போட்டுவிட்டார். நகப்பூச்சோடு வருகிறவர்களுக்காக இழுப்பறையில் அதை அழிக்கும் திரவம் ஒரு புட்டி வைத்திருக்கிறார். "கலர் அழகாத்தான் இருக்கு. எனக்கு அடியில இருக்கிற நகம் வேணுமே."

தலையில் வட்டமாக முடி கொட்டி, தொப்பியோடு வந்த ஒருவர் புழுவெட்டு என்று சொல்லிக் கண் கலங்கினார். "புழுவும் இல்ல, வெட்டும் இல்ல. தோலு வழவழன்னு நல்லா இருக்கு, முடிதான் கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கு" என்று அந்த வட்டத்தின் ஓரத்து முடியை மெல்ல இழுத்து, கையோடு வந்ததை எண்ணினார். படர்தாமரைக்காரர்கள் பாடு இன்னும் மோசம். தாமரை என்று பெயர் வைத்த புண்ணியவானுக்கு அரிப்பே வந்திருக்காது. "அந்த இடத்துல சிஸ்டர்" என்று நெளிந்தால், "எந்த இடம்னு சொல்லுங்கண்ணே. 'அந்த இடம்'னு எழுத என் சீட்டுல கட்டம் இல்ல" என்பார்.

நான் அங்கே நான்கு வருட வாடிக்கை. முழங்கை இரண்டிலும் சோரியாசிஸ், வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிரும். நகங்களில் குண்டூசியால் குத்தினாற்போல் குழிகள். வெயில் கொளுத்தும்போதும் முழுக்கைச் சட்டைதான். யாராவது கேட்டால் கொசு என்பேன். அச்சகத்தில் பிழை திருத்துவது என் பிழைப்பு.

இப்போதெல்லாம் சிஸ்டர் பெஞ்சுவரை நடந்துவந்து, குனிந்து, காதோடு பெயர் சொல்லித்தான் அழைக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்பு அப்படியில்லை. கதவருகே நின்று கூப்பாடு போடுவார். அன்று ஒரே பெயரில் இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். கூப்பிட்டதும் இருவரும் எழுந்தார்கள். குழப்பத்தைத் தீர்க்க நினைத்த சிஸ்டர், கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "வெண்குஷ்டம் யாரு? நீங்க உள்ள வாங்க. புழுவெட்டு உக்காருங்க."

அந்தப் பெண்ணுக்கு இருந்தது வெண்புள்ளி. ஊர் வாயில் அதற்கு அந்தப் பழைய பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குஷ்டத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தொட்டால் பரவவும் பரவாது. எழுந்து நின்றவள் மறுபடி உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் அந்தப் பெஞ்சு காலியாயிற்று. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவன் நான். சட்டைக்குள் என் செதில் உதிர்ந்துகொண்டிருக்க, நானும் எழுந்து நகர்ந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஊரார் அச்சுப் பிழையெல்லாம் திருத்துகிறவனுக்கு அன்று வாய் திறக்கத் துப்பில்லை.

அவள் சிஸ்டரின் முகத்தை ஒருமுறை நேராகப் பார்த்தாள். பிறகு கூட வந்திருந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். சிஸ்டர் வாசல்வரை ஓடினார். பதிவேட்டில் இருந்த எண்ணுக்குப் பலமுறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. "குஷ்டம் வேற, இது வேறன்னு எனக்குத் தெரியாதா சார்? பதினெட்டு வருஷ சர்வீஸ். அன்னிக்கு என் நாக்குல சனி. சின்னதா இருக்கும்போதே மருந்து போட்டிருந்தா பரவாம நிறுத்தியிருக்கலாம்" என்று என் முழங்கையை அளந்தபடி ஒருநாள் சொன்னார். நான் நகர்ந்தது அவருக்குத் தெரியாது. பெரிய மனிதன் மாதிரித் தலையாட்டிவைத்தேன்.

போன வாரம் அவள் வந்தாள். தனியாக, கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவோடு. நான் அறைக்குள்ளேயே அடுத்த ஸ்டூலில் சட்டைக்கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சிஸ்டருக்கு அன்று கடும் சளி. முகக்கவசம் போட்டிருந்தார், குரலும் கட்டியிருந்தது. அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. சிஸ்டருக்கும் எனக்கும் அவளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"முன்னாடி எங்கயாவது காட்டியிருக்கீங்களா?"

"இங்கதான், ஒரு தடவை. அப்போ மணிக்கட்டுல மட்டும் இருந்துச்சு."

இப்போது இரண்டு கைகளிலும், கழுத்திலும், வாயோரத்திலும் இருந்தது. சிஸ்டர் ஒவ்வொன்றாக அளந்து எழுதினார். பால் வெள்ளை. ஓரம் தெளிவு. செதில் இல்லை. அரிப்பு இல்லை.

"அப்புறம் ஏம்மா வரல?"

"ஒரு நர்ஸ் கூப்பிட்ட கூப்பாட்டுல எங்கம்மா ஆறு மாசம் வெளிய தலைகாட்டல. மருந்தே வேணாம்னு இருந்துட்டேன். இப்போ முகத்துக்கு வந்துடுச்சு, அதான்."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சட்டைக்கையை இறக்கிவிட்டேன்.

கடைசிப் பரிசோதனை பஞ்சு. அந்த வெள்ளையில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குஷ்டமாக இருந்தால் மரத்திருக்கும். "கண்ண மூடிக்கோங்க. தொடும்போது சொல்லுங்க."

"தொட்டீங்க. இப்போ விரல்ல. இப்போ கழுத்துல."

உணர்ச்சி உண்டு என்று சிஸ்டர் எழுதினார். மூடிய கண்ணோடு அவள் கேட்டாள்: "அந்த நர்ஸ் இப்போ இங்க இல்லதானே?"

இல்லை, மாற்றலாகிப் போய்விட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. உண்மையைச் சொன்னால் அவள் மறுபடி எழுந்து போய்விடலாம். வைத்தியமும் அதோடு போச்சு. நானாக இருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன்.

சிஸ்டர் பஞ்சை மேஜைமேல் வைத்தார். முகக்கவசத்தைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார். முகம் வெளிச்சத்தில் தெரியும்படி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"கண்ணைத் திறங்கம்மா" என்றார்.