பூச்சி இல்லாத ஓடை

கஹவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு, சுற்றாடல் பயிற்சிக்கு வந்த ஆசிரியர்களோடு நானும் ஓடையில் கற்களைப் புரட்டுகிறேன். கல்லுக்கடியில் சின்னப் பூச்சிகள் வாழ்ந்தால்தான் தண்ணீர் நல்லது என்கிறார் பயிற்சி தருபவர். அரை மணி நேரமாக ஒருவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து கேனோடு வந்து தண்ணீர் அள்ளும் அக்கா சிரிக்கிறார். "நாங்க குடிக்கிற தண்ணிங்க. கண்ணாடி மாதிரி இருக்கு, இதுல எங்கேர்ந்து பூச்சி வரும்?"

கூட்டத்தில் நான் வாய் திறப்பதில்லை. ஆனால் எங்கள் கேகாலைத் தோட்டத்து வழக்கம் நினைவுக்கு வர, மெதுவாகக் கேட்கிறேன். "மருந்தடிக்கிற டேங்க எங்கக்கா கழுவுறாங்க?"

"அந்தா, மேல பாலத்துகிட்ட. வேற எங்க கழு..."

பாதியில் நிறுத்தி, நிரம்பிய கேனைப் பார்க்கிறார். அப்படியே கொட்டிவிட்டு எங்களுக்கு முன்னால் மேட்டில் ஏறுகிறார்.

பாலத்தைத் தாண்டி நான் புரட்டும் முதல் கல்லிலேயே நாலைந்து பூச்சிகள் நெளிந்து ஓடுகின்றன.

"சீ! இதையா குடிக்கச் சொல்றீங்க?" என்று அக்கா என் தோளில் தட்டுகிறார். பிறகு சேலைத் தலைப்பைக் கேனின் வாயில் இறுக்கிப் பிடித்து, அங்கேயே முக்குகிறார்.