கோட்டுக்கு மேலே ஐந்து புள்ளிகள்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஆய்வேடுகளுக்குப் படம் வரைந்து கொடுத்தவள் இருசம்மாள். கச்சிராயபாளையத்துக்காரி, ஐ.டி.ஐ.யில் படவரைவு படித்தவள். அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்தவன் நான். 1987இல் எங்களிடம் ஆய்வேட்டைக் கொண்டுவந்தார் கணித விரிவுரையாளர் தீனதயாளன். அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

அவர் ஆய்வு விண்மீன் மண்டலங்களின் வெளிச்சத்தைப் பற்றியது. நடுவில் பளீரென்று இருக்கும் ஒளி, விளிம்புக்குப் போகப்போக மங்கும். எப்படி மங்குகிறது என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. மையத்திலிருந்து உள்ள தூரத்துக்கு நான்காம் படிமூலம் எடுத்து, அதற்கு எதிரே ஒளியின் மடக்கையைக் குறித்தால் புள்ளிகள் நேர்கோட்டில் விழ வேண்டும். இருசம்மாள் முப்பது புள்ளி வைத்தாள். இருபத்தைந்து கோட்டில் உட்கார்ந்தன. விளிம்பில் ஐந்து மட்டும் மேலே ஏறி நின்றன.

அவர் ஒளியை அளந்த வானப் புகைப்படத் தகடு சென்னையில் இருந்தது. அதை மறுபடி அளந்தால் தப்பு அளவிலா சூத்திரத்திலா என்று தெரிந்துவிடும். ஆனால் அது இடஒதுக்கீட்டுப் போராட்ட வாரம். உளுந்தூர்பேட்டை சாலை நெடுக மரங்கள் வெட்டிக் கிடந்தன, பஸ் ஓடவில்லை. ஆய்வேடு கொடுக்கும் நாளோ நெருங்கிவிட்டது. ஐந்தையும் கோட்டின்மேல் இறக்கி வைக்கச் சொன்னார் தீனதயாளன்.

“கோலத்துக்கே புள்ளி வெச்சிட்டுதாங்க சார் கோடு இழுப்போம். நீங்க இன்னா, கோட்டப் போட்டுட்டு புள்ளிய வெக்கச் சொல்றீங்க?” என்று கேட்டாள் இருசம்மாள்.

அவர் சிரித்தார். ஒரு கல்லூரியில் படங்களைப் பிரதி எடுக்கும் டிரேசர் வேலைக்கு அவளுக்காகச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதை மெல்ல நினைவுபடுத்தினார். பகலெல்லாம் பேனாவைத் தொடாதவள், சாயங்காலம் ஐந்தையும் இறக்கினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியும் சோறு இறங்கவில்லை என்று மறுநாள் என்னிடம் சொன்னாள்.

மறியல் முடிந்தது. மறியலுக்காகப் பல்கலைக்கழகம் பதினைந்து நாள் தவணையும் கொடுத்தது. இருசம்மாள் ஐந்து புள்ளியும் மேலே நின்ற பழைய படத்தை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனாள். பஸ் ஓடுகிறது, ஒரு நடை போய் அளந்துவிட்டு வாருங்கள் என்று கெஞ்சினாள். மனிதர் அசையவில்லை. சோம்பேறித்தனம் என்றாலாவது மன்னித்திருப்பேன். மறுபடி அளந்தாலும் ஐந்தும் அங்கேயே நிற்குமோ என்ற பயம் அது. சீ!

அடுத்த வருஷம் டாக்டர் பட்டத்தோடும் இனிப்பு டப்பாவோடும் வந்தார். புள்ளிகள் இவ்வளவு அழகாகக் கோட்டில் விழுவது அபூர்வம் என்று தேர்வாளர் பாராட்டினாராம். கையோடு கொண்டுவந்த ஆய்வேட்டின் நன்றியுரையில் எங்கள் பெயர்கள் இருந்தன. இருசம்மாள் அடிமட்டம் வைத்து, தன் பெயரின்மேல் கறுப்பு மையில் ஒரு கோடு இழுத்தாள்.

“வேலைக்கு யாராண்டயும் சொல்ல வேணாங்க,” என்றாள்.

அதற்கு மேல் வரியில் பிச்சைமுத்து என்ற என் பெயர் இருந்தது. அடிமட்டத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். நான் ஒரு இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.