டோக்கன் அக்காவின் இடது காது

“அந்தத் தொப்பைக்காரர் நல்லா சிரிச்சார்ல?” என்று அக்கா கேட்டாள்.

“எந்தத் தொப்பைக்காரர்?”

“மூணாவது வரிசை ஓரத்துல. வாயைப் பொளந்துகிட்டு உக்காந்திருந்தாரே.”

“அவர் கொட்டாவி விட்டாருக்கா.”

மேடைக்குப் பின்னால் இருந்த அறை அது. உடைந்த நாற்காலிகளை அடுக்கிவைக்கும் இடம். நிகழ்ச்சி நாளில் மட்டும் ஒரு கண்ணாடியை மாட்டி, ஒப்பனை அறை என்று சொல்லிக்கொள்வார்கள். முகம் துடைத்துக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றது.

“கொட்டாவியா? அவர் சிரிச்சு முடிக்கட்டும்னுதானே நான் அவ்வளவு நேரம் நின்னேன்?”

“நீ ஏன் நிக்கிறேன்னு எனக்கும் புரியல. அடுத்தது மறந்துபோச்சோன்னு பயந்துட்டேன்.”

“அப்ப யாருமே சிரிக்கலியா?”

“சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சு, தண்ணி குடிச்சு, செல்போனையும் எடுத்துட்டாங்க. நீ அப்பவும் நின்னுகிட்டே இருந்த.”

அக்கா துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு துண்டுக்குள்ளிருந்தே சொன்னாள்: “வலது காது போய் ஒரு வருஷம் ஆச்சு. இப்ப இடதும் மூட்டையக் கட்டுது. அம்மாகிட்டச் சொல்லாத.”

தங்கை தலையை ஆட்டினாள். அவளிடம் போட்ட ரகசியம் கிணற்றில் போட்ட கல்தான். “பெத்தது ரெண்டு. ஒருத்தி பேசியே கொல்றா, இன்னொருத்தி பேசாமக் கொல்றா” என்று அம்மா அலுத்துக்கொள்வது வழக்கம்.

பேசிக் கொல்பவள் பேச்சைப் பிழைப்பாக்கிக்கொண்டது ஒரு கண் மருத்துவமனையில். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டு ஆளை உள்ளே அனுப்பும் வேலை. ஒருநாள் காத்திருந்து காத்திருந்து கொதித்துப்போன ஒருவர் எழுந்து, “காலையில வந்தவன் நான். இன்னும் என்னைக் கூப்பிடல!” என்று சத்தம் போட்டார். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நானும் காலையிலதாங்க வந்தேன். என்னையும் இதுவரைக்கும் யாரும் கூப்பிடல” என்றாள். கூடம் முழுக்கச் சிரித்தது. சத்தம் போட்டவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அன்றிலிருந்து டாக்டர் தாமதமாக வந்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சரியான நேரத்துக்கு வந்தால்தான் கோபித்துக்கொண்டார்கள்.

மருத்துவமனையின் ஆண்டு விழாவில் பேசினாள். பிறகு கல்லூரிகளில், அலுவலக விருந்துகளில். கடைசியாக ஒரு நாற்காலிக் கடையின் மாடி அவளுக்கு நிலையான மேடையானது. கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தினார். சுவரொட்டியில் ‘டோக்கன் அக்கா’ என்று போட்டார்கள். “பொம்பளப் புள்ள தன் பல்லைக் காட்டுறது போதாதுன்னு ஊரார் பல்லையும் எண்ணணுமா?” என்று அம்மா கேட்டாள். ஊரார் பல்லை எண்ணித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது என்பதால், கேட்டதோடு விட்டுவிட்டாள். மருத்துவமனை வேலையை அக்கா எப்போதோ விட்டிருந்தாள். திரும்பிப் போகவும் வழியில்லை. அங்கே இப்போது டோக்கன் எண்ணை இயந்திரமே கூப்பிடுகிறது.

காதுக்குக் கருவி வாங்கிப் போட்டுப் பார்த்தாள். எதிரில் இருப்பவர் பேச்சு கேட்டது. சபையின் சிரிப்பு மட்டும் தகரத்தில் ஜல்லி கொட்டுவதுபோல் ஒரே இரைச்சலாக வந்தது. ஏறுகிறதா இறங்குகிறதா தெரியவில்லை.

“அது தெரிஞ்சு என்ன ஆகணும்?” என்று தங்கை கேட்டாள்.

“அதுதான்டி எல்லாமே. சிரிப்பு ஏறும், உச்சியில நிக்கும், எறங்கும். உச்சியில இருக்கும்போது வாயைத் திறந்தா நான் சொல்றது யார் காதுலயும் விழாது. முழுசா எறங்க விட்டாலோ, மறுபடி முதல்லேர்ந்து பத்த வைக்கணும். பாதி எறங்கும்போது அடுத்ததைப் போடணும்.”

தங்கை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவள். நரம்பு தெரியாத கையிலும் விரலால் தடவியே இடம் கண்டுபிடிப்பாள். அதுபோல ஒரு காரியமாக இது அவளுக்குத் தோன்றியது. அக்காவோடு பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள்: முதல் வரிசையில், கைப்பையை மடியில் வைத்து, கையைக் கன்னத்தில் ஊன்றி உட்கார்ந்துகொள்வது. சிரிப்பு பாதி இறங்கும்போது கையை மடிக்கு இறக்கிவிடுவது. அதைப் பார்த்து அக்கா தொடர வேண்டும். தங்கை வாய்விட்டுச் சிரித்து யாரும் கேட்டதில்லை. அதிகம் போனால் உதட்டை மடித்துக்கொள்வாள், தோள் குலுங்கும், அவ்வளவுதான். “இந்த வேலைக்கு உன்ன மாதிரி உம்மணாமூஞ்சிதான் லாயக்கு” என்றாள் அக்கா.

இரண்டு வாரம் வீட்டில் ஒத்திகை பார்த்தார்கள். மற்றவர்களின் நிகழ்ச்சிகளுக்கும் தங்கை தனியாகப் போய் உட்கார்ந்தாள். அதுவரை சிரிப்பு என்றால் சிரிப்பு என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது கண்ணை எடுக்க முடியவில்லை. கணவன்மார் சிரிப்பதற்கு முன்னால் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்துக்கொள்கிறார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் சிரிப்பு அந்த இடத்தில் தடுக்கி விழுகிறது. மெத்தை நாற்காலியில் அவரவர் சிரிப்பு அவரவரோடு நின்றுவிடுகிறது. பிளாஸ்டிக் நாற்காலியோ ஒன்று ஆடினால் பக்கத்தில் இருப்பதை இடிக்கிறது, இடி வாங்கியவரும் சிரிக்கிறார். விற்காத மெத்தை நாற்காலிகளைக் கடைக்காரர் மாடிக்கு ஏற்றிய போதெல்லாம் அக்கா ஏன் சண்டை போட்டாள் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்தக் கடைக்காரர்தான் ஒருநாள் படியிலேயே அக்காவை நிறுத்தினார். “தப்பா நினைக்காதீங்கம்மா. கொஞ்ச நாளாவே நடுநடுவுல கரண்ட் போன மாதிரி நின்னுடறீங்க. டிக்கெட் வாங்கினவங்க என்னைக் கேக்குறாங்க. இந்த ஞாயித்துக்கிழமையும் அப்படித்தான்னா, நான் வேற ஆளைப் போட்டுக்கறேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடி நிறைந்திருந்தது. கடைக்காரர் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தங்கையின் கை கன்னத்துக்கு ஏறியது, மடிக்கு இறங்கியது. அக்கா ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. பாதி நிகழ்ச்சி தாண்டியதும் அவள் ஒத்திகையில் இல்லாத ஒன்றை எடுத்தாள்.

“எனக்கு வலது காது கேக்காதுங்க. டாக்டர் காரணம் தெரியலைன்னாரு. எனக்குத் தெரியும். இருபது வருஷமா எங்கம்மா அந்தக் காதுலதான் ‘கல்யாணம் பண்ணிக்கோ, கல்யாணம் பண்ணிக்கோ’ன்னு சொல்லிட்டிருந்தாங்க. கடவுள் பாத்தாரு. ‘இவளுக்கு மாப்பிள்ளை தேடுறது நம்மளால ஆவுற காரியமில்ல. காதையாவது எடுத்துக்குவோம்’னு முடிவு பண்ணிட்டாரு.”

சபை வெடித்தது. ஏறியது, உச்சியில் நின்றது, இறங்கத் தொடங்கியது. தங்கையின் கை இறங்கவில்லை. கன்னத்திலிருந்த கை வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. காது கேட்காத பக்கமாக உட்கார்ந்து அம்மா தினமும் மணிக்கணக்காகப் புலம்புவதும், அக்கா பயபக்தியோடு தலையாட்டுவதும் கண்முன் வந்துவிட்டன. சிரிப்பு விரல்களை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது. சபை அடங்கிய பிறகும் அவள் ஒருத்தி, மூச்சுவாங்க, கண்ணில் நீர் வழிய, சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் அக்கா தங்கையின் கையையே பார்த்தபடி காத்து நின்றாள். கடைக்காரர் கதவிலிருந்து ஓரடி முன்னால் வந்தார். அப்போதுதான் சபையில் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியிருப்பதை அக்கா கவனித்தாள். சிரிக்கிற கூட்டம் அப்படித் திரும்பாது. அவளும் கையை விட்டுத் தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

“ஐயையோ! டாக்டர் யாராச்சும் இருக்கீங்களா?” என்று பதறினாள். “அது என் தங்கச்சிங்க. பொறந்ததுலேர்ந்து அதுக்கு இப்படி ஆனதே இல்ல!”

பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையோடு ஆடின. கடைக்காரர் கட்டியிருந்த கையை அவிழ்த்து, கதவில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அக்கா இன்றும் அந்த மாடியில் பேசுகிறாள். இடது காதும் இப்போது முழுதாகப் போய்விட்டது. மேடை விளிம்பில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு வைத்திருக்கிறார்கள். அதன் பொத்தான் தங்கையின் கையில். அம்மாவுக்கும் விஷயம் தெரியும். சுவரைப் பார்த்துப் புலம்பப் பழகிக்கொண்டாள்.

தங்கை சிரித்த அந்த ஞாயிற்றுக்கிழமை, நிகழ்ச்சி முடிந்து, உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே, தங்கை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

“தெரியாம வந்துடுச்சுக்கா. கையை இறக்கவே மறந்துட்டேன்.”

“கையை விடுடி. அடுத்த மாசமும் நம்மளே பண்ணலாம்னு கடைக்காரர் சொல்லிட்டாரு. நீ சத்தமா சிரிச்சியாமே?”

“ம்.”

“எல்லாருக்கும் கேட்டிருக்கு, எனக்குத்தான் கேக்கல.” அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கருவியைக் கழற்றி மடியில் வைத்தாள். இடதுபக்க முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். “இதுல இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கு. கிட்ட வந்து, இன்னொரு தடவ சிரியேன்.”