எனக்கு அழைப்பு இல்லை

கல்யாணமாகிப் பதினோராவது வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தார். துண்டில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே, "ஆண்டவரு என்ன மிஷனெரியா கூப்புடுறாருமே. ஒரிசாவுக்குப் போவணும்" என்றார்.

"எப்பலேந்து?" என்று கேட்டேன்.

ஏன் என்றோ எப்படி என்றோ கேட்கவில்லை. எப்பலேந்து என்றுதான் கேட்டேன். என் புத்தி அப்படிப்பட்டது. எவராவது ஒன்று சொன்னால், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று தேடும் புத்தி.

அதற்குக் காரணம் உண்டு. என் அப்பாவும் ஆண்டவர் பேரைச் சொல்லித்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவார். சனிக்கிழமை தவறாமல் மீஞ்சூருக்கு ஊழியத்துக்குப் போகிறேன் என்று, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கையில் வேதாகமமுமாகப் போவார். ஞாயிறு மாலை திரும்புவார். அம்மா அவரது சட்டையைத் தோய்த்துக் காயவைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் பதினாறு வயதானபோதுதான் மீஞ்சூரில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு ஆண்பிள்ளை ஆண்டவர் கூப்பிட்டார் என்று சொன்னால், எந்த ஊருக்கு, எந்த வீட்டுக்கு என்றுதான் எனக்குத் தோன்றும்.

இது தொண்ணூறுகளின் கடைசி. திருவொற்றியூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒண்டுக்குடித்தனம். அவர் எண்ணூர் ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பேன். எங்கள் சபை ராயபுரத்தில். பிள்ளை இல்லை. அதற்காகச் சபையில் எங்கள் பேரை வைத்து ஜெபித்துக்கொண்டே இருந்தார்கள்.

முதலில் எனக்கு வந்த சந்தேகம், சொல்ல வேண்டியதில்லை, பெண் விஷயம்தான். சில மாதங்களாகவே அவர் சனிக்கிழமை உபவாச ஜெபம் என்று ராயபுரம் போய்க்கொண்டிருந்தார். சனிக்கிழமை என்ற சொல்லே எனக்கு ஆகாது. அடுத்த வாரம் அவர் கிளம்பியதும் நானும் கிளம்பி அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். சபை வாசலில் அவர் செருப்பு கிடந்தது. சத்தம் இல்லாமல் மாடிப்படி ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹாலில் அவர் ஒருவர்தான். பாயில் குப்புறப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தோள் குலுங்குவது தெரிந்தது.

வந்த வழியே இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனால் சந்தேகம் முழுக்கத் தீரவில்லை. ஒரு மனுஷன் அழுகிறான் என்றால் ஏதோ மறைக்கிறான் என்றும் அர்த்தம் இருக்கலாம் அல்லவா?

அந்த வாரமே ஒரு விஷயம் காதில் விழுந்தது. பிளவுஸுக்கு அளவு கொடுக்க வந்த பெண் ஒருத்தி, "உங்க வூட்டுக்காரரு கம்பெனில எல்லாரையும் விருப்ப ஓய்வுல அனுப்பிகினு கீறாங்களாமே, உனக்குத் தெரியாதாக்கா?" என்றாள். எனக்குத் தெரியாது. அவர் சொல்லவே இல்லை. ஆக, வேலை போகப் போகிறது, அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஆண்டவரை முன்னால் நிறுத்துகிறார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

அவருடைய ஃபோர்மேன் தண்டையார்பேட்டையில் குடியிருந்தார். வயதான முஸ்லிம் பெரியவர். நேராக அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"லிஸ்டுல அவன் பேரு இல்லம்மா" என்றார். "அவன அனுப்பவே மாட்டோன்னு மேனேஜரு சொல்லிட்டாரு. இவன்தான் நான் போறேன், என்ன வுட்டுருங்கன்னு கேட்டுகினு கீறான். நீயாவது புத்தி சொல்லு." வாசல்வரை கூடவே வந்து, "அவன் பொய் சொல்றவன் இல்ல தங்கச்சி" என்றார். நான் கேட்காத கேள்விக்கு அவரே பதில் சொன்னது போல் இருந்தது.

இரண்டு சந்தேகமும் உடைந்துவிட்டன. நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் மூன்றாவது ஒன்று முளைத்தது. அது ஆண்டவர்மேலேயே. பதினோரு வருஷமாக நான் ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஒரு வார்த்தை பதில் இல்லை. கேட்காத ஒன்றை, அதுவும் என்னிடம் சொல்லாமல் என் புருஷனிடம் சொல்கிறார். பிள்ளைக்குப் பதிலாகத்தான் இதைத் தருகிறாரா? இதை வாங்கிக்கொண்டால் அந்தக் கணக்கு முடிந்தது என்று ஆகிவிடுமா? அப்படித்தான் எனக்குப் பட்டது. பாத்திரம் தேய்க்கும்போதும் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போதும் அதே நினைப்பு.

மிஷன் சங்கத்திலிருந்து மூன்று பேர் எங்களைப் பார்க்க வந்தார்கள். சபை மாடியில்தான் நேர்காணல். இரண்டு ஆண்கள், வடக்கே பல வருஷம் இருந்துவிட்டு வந்த ஓர் அம்மா. என் வீட்டுக்காரரிடம் வெகுநேரம் பேசினார்கள். அவர் தன் அழைப்பைப் பற்றிச் சொன்னார். எந்த வசனம், எந்த நாள், மனசில் என்ன பாரம் என்றெல்லாம். நன்றாகவே பேசினார். வீட்டில் இவ்வளவு பேசுகிறவர் இல்லை.

பிறகு அந்த அம்மா என்னைப் பார்த்தார். "சகோதரி, உங்களுக்கு அழைப்பு இருக்கிறதா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ மனைவிகள் சொல்லியிருப்பார்கள். அங்கே போய் வேலை செய்யத் தெம்பும் எனக்கு இருந்தது.

"எனக்கு அழைப்பு இல்லைங்க" என்றேன்.

அந்த அம்மா என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. கையிலிருந்த பேனாவை மூடினார். தம்பதியாகப் போவதென்றால் இருவருக்கும் அழைப்பு இருக்க வேண்டும், இன்னும் ஜெபியுங்கள், ஆண்டவர் வழி காட்டுவார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதோடு நின்றுபோனது.

பஸ்ஸில் வரும்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. எப்போதும்போல் வேலைக்குப் போனார், எப்போதும்போல் வஞ்சிரம் வாங்கி வந்தார். சபையில் பெண்கள் சொன்னார்கள். நேராக அல்ல, என் காதில் விழும்படி. "பொண்டாட்டியாலதான் ஒரு ஊழியம் கெட்டுப்போச்சி." நற்கருணைக்கு வரிசையில் நிற்கும்போது என் முதுகில் எத்தனை கண்கள் என்று எனக்குத் தெரியும்.

அவர் மட்டும் சொல்லவில்லை. நான் காத்துக்கொண்டே இருந்தேன். எங்களுக்குள் ஒவ்வொரு சண்டை வரும்போதும், இதோ இப்போது சொல்லப் போகிறார், உன்னால்தானே என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று தயாராக நின்றேன். வரவே இல்லை. கோபப்படுகிற மனுஷனைச் சமாளித்துவிடலாம். கோபமே படாதவரை எப்படி நம்புவது? உள்ளே எங்கேயோ சேர்த்து வைத்திருக்கிறார் என்றே நினைத்தேன். இதற்கு நடுவில் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய ஹிந்திப் பாடப்புத்தகம் வாங்கி வந்து, ஷிஃப்ட் இல்லாத நாட்களில் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் குத்திக்காட்டுவது போலவே இருக்கும்.

வருஷங்கள் போயின. நாற்பத்திரண்டு வயதில் எனக்கு மாதவிலக்கு நின்றது. சபையில் எங்களுக்காக ஜெபிப்பதை எப்போது நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. ஒருநாள் கவனித்தபோது எங்கள் பேர் வாசிக்கப்படவில்லை. நாங்கள் எப்போது நிறுத்த வேண்டும் என்று மட்டும் எவரும் சொல்லவில்லை.

அதற்குள் எண்ணூர்ப் பக்கம் புதுப்புது வேலைகள் வந்துவிட்டன. வெளியூர் ஆட்கள் வந்து குவிந்தார்கள். தகரக் கொட்டகைகளில் பத்துப் பன்னிரண்டு பேராகத் தங்கியிருந்தார்கள். அதில் ஒரிசாக்காரர்களும் நிறைய. என் வீட்டுக்காரர் மார்க்கெட்டில் அவர்களைப் பார்த்துவிட்டுத் தன் பாடப்புத்தக ஹிந்தியில் பேசினாராம். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அதன்பிறகு ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அங்கே போக ஆரம்பித்தார். மூன்றாவது வாரம் நானும் கூடப் போனேன். உதவி செய்ய அல்ல. என்ன செய்கிறார் என்று பார்க்க.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. உட்கார்ந்து பேசினார். கடிதத்துக்கு விலாசம் எழுதிக் கொடுத்தார். காய்ச்சல்காரர்களுக்கு மாத்திரை கொடுத்தார். காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஒருவன் எங்களை வழிமறித்தான்.

"இன்னா நைனா, வாராவாரம் வந்துகினு கீற? மதம் மாத்துறதுக்கா, யூனியன் வெக்கிறதுக்கா?"

"ஒருத்தனுக்கு ஒடம்பு சரியில்ல. கஞ்சி எடுத்தாந்தேன்."

அவன் தூக்குச்சட்டியைத் திறந்து மோந்து பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். அது என்னுடைய பார்வை. முதன்முறையாக அது என்மேல் விழுந்தது.

உடம்பு சரியில்லாத ஆள் ஒரு வெல்டர், நாற்பது வயதிருக்கும். கண் மஞ்சளாகிச் சோறு இறங்காமல் கிடந்தான். ஆட்டோவில் வைத்துத் தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "நீங்க யாரு இவருக்கு?" என்று நர்ஸ் கேட்டாள். "அண்ணன்" என்றார் என் வீட்டுக்காரர், முகம் மாறாமல். பொய் சொல்லாதவர் என்று ஃபோர்மேன் சொன்ன ஆள்! நர்ஸ் என்னைப் பார்த்தாள். நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

மூன்று வாரம் உப்பில்லாத கஞ்சி கொண்டுபோனேன். முதல் இரண்டு நாள் அவன் தொடவில்லை. கழுத்தில் இருந்த துளசி மணியைப் பிடித்துக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டான். இந்தச் சாப்பாட்டில் இவர்கள் என்ன வைத்திருக்கிறார்களோ என்ற பயம். மூன்றாம் நாள் ஒரு கரண்டி கஞ்சியை என் உள்ளங்கையில் ஊற்றிக் குடித்துக் காட்டினேன். அவன் சிரித்துவிட்டான். அதன்பிறகு குடித்தான். எனக்கு அவன் பாஷை தெரியாது, அவனுக்கு என் பாஷை தெரியாது. ஒருநாள் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக் காட்டினான். எண்ணெய் தடவி வாரிய தலையோடு மூன்று பெண்பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

அப்போது மனசில் ஏதோ இளகியது. இதுதான் அழைப்பு என்பதோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மறுநிமிஷம் அதையும் சந்தேகப்பட்டேன். மூன்று பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் என்னைப் போன்றவளுக்கு இளகாமல் என்ன செய்யும்?

குணமானதும் அவன் ஊருக்குப் போய்விட்டான். சென்ட்ரலில் ரயில் ஏற்றிவிட்டோம். கடிதம் எதுவும் வரவில்லை. சபையில் ஒரு பெரியவர் என் வீட்டுக்காரரிடம், "எத்தனை ஆத்துமா, பிரதர்?" என்று கேட்டார். "ஒருத்தருக்குக் காமாலை கொணமாச்சிங்க" என்றார் இவர்.

அந்த ஞாயிறு மத்தியானம் வீட்டில் கரண்ட் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தோம். அவர் தலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட, நான் அலசினேன். எட்டு வருஷமாகத் தொண்டையில் இருந்ததை அப்போது கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கி நான் இல்லன்னு சொன்னேனே. உனக்கு எம்மேல கோவம் வரலயா?"

அவர் மீனைக் கீழே வைத்தார்.

"எனக்கு இன்னா தோணிச்சி தெரியுமா? அப்பாடான்னு இருந்திச்சி."

புரியாமல் பார்த்தேன்.

"போவணும்னு நெசமாலுமே ஆச இருந்திச்சிமே. பயமும் இருந்திச்சி. தெரியாத ஊரு, மலேரியா காய்ச்சலு, பாஷ. கூப்புட்டவரு கிட்ட மாட்டேன்னு சொல்ல வாய் வரல. நீ இல்லன்னதும் தப்பிச்சோம்னு ஆயிடிச்சி."

"அதுக்கு ஏன் இத்தினி வருசமா வாயத் தொறக்கல?"

"இன்னான்னு சொல்றது? அத்தினி பேரும் உன்னாலதான்னு பேசிகினாங்க. நான் கேட்டுகினு சும்மா கீந்தேன். அவருக்கும் துரோகம் பண்ணேன், உனக்கும் பண்ணேன்."

அலசிக்கொண்டிருந்த சட்டியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. எட்டு வருஷம் என் முதுகில் விழுந்த பார்வைகளை எல்லாம் அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் சேர்த்து வைத்திருக்கிறார் என்று நான் நினைத்தது சரிதான். சேர்த்தது கோபம் இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள், மிஷினில் உட்கார்ந்திருந்தபோது, என் புத்தி தன் வேலையைக் காட்டியது. இது நிஜமா? தப்பித்தோம் என்று நினைக்கிற ஆள் எதற்கு வருஷக்கணக்கில் ஹிந்தி படிக்க வேண்டும்? எதற்குக் கொட்டகை கொட்டகையாக அலைய வேண்டும்? என் மனப்பாரத்தை இறக்கிவைக்க இவரே ஒரு கதையைக் கட்டித் தன் தலையில் போட்டுக்கொண்டாரோ? ஆஸ்பத்திரியில் அண்ணன் என்று சொன்ன மனுஷன்தானே.

இரண்டில் எது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருகாலத்தில் என்றால் பஸ் ஏறிப் போய் யாரிடமாவது விசாரித்திருப்பேன். இதை விசாரிக்கவில்லை. அவரிடமும் மறுபடி கேட்கவில்லை. அன்று சாயந்தரம் டீ போட்டு அவர் பக்கத்தில் வைத்தேன். எடுத்துக் குடித்தார். அடுத்த ஞாயிறு இரண்டு பேருமாக எண்ணூருக்குப் போனோம்.

ஆண்டவரிடம் மட்டும் ஒரே ஒரு தடவை அதைக் கேட்டேன். அவர் இன்னும் சொல்லவில்லை.