பிஸ்கட் பட்டணத்தில் ஆள் எண்ணிய கதை

போன சனிக்கிழமை ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் ஒரு வீடு குடிபூரல். புத்தம்புது வீடு. தெருவுக்குப் பெயர்ப்பலகை வந்துவிட்டது, மரம் இன்னும் வரவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு ஒதுங்கி நின்ற என்னை ஓர் அன்ரி பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, உம்மட தம்பியார் லண்டனிலயெல்லே?"

"ஓம் அன்ரி."

"லண்டனில எவடம்?"

லண்டனில் இருந்து வடக்கே காரில் நாலு மணித்தியாலம் என்று எப்படிச் சொல்வது? எங்கள் ஆட்களுக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான். "கொஞ்சம் வெளியில" என்றேன்.

"மனுசி நேர்ஸ், கனடா விசாவும் வந்திட்டுதெண்டு சொல்லிச்சினம். பிறகேன் வரேல்ல?"

நல்ல காலம், வாயில் வடை இருந்தது. மென்றுகொண்டே தலையை ஆட்டிவிட்டு நழுவிவிட்டேன். ஆனால் வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களிடம் மறைத்து என்ன? சொல்லிவிடுகிறேன்.

தம்பி ரஞ்சன் இருக்கிற பட்டணத்தின் பெயர் வேண்டாம். மான்செஸ்ரரில் இருந்து ரயிலில் முக்கால் மணித்தியாலம். பஞ்சாலைகளால் வளர்ந்த இடம். கால்வாய், சிவப்புக் கல் ஆலைகள், அவற்றை ஒட்டி வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள்... பஞ்சுத் தொழில் படுத்த பிறகு ஓர் ஆலைக்குள் பிஸ்கட் தொழிற்சாலை வந்தது. அதன் வாசலுக்கு நேர் முன்னால்தான் பதினாலு வருடத்துக்கு முதல் ரஞ்சன் கடை வாங்கினான். பேப்பர், பால், பாண், சிகரெட் விற்கிற சின்னக் கடை.

அங்கே எங்கள் ஆட்கள் கடை வாங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. விற்கிறவர் காட்டுகிற கணக்குக் கொப்பியை நம்பமாட்டார்கள். எதிர்ப்பக்கம் காரை நிறுத்தி, பிளாஸ்கில் தேத்தண்ணீரோடு, விடியக் கடை திறப்பதில் இருந்து பூட்டும்வரை காருக்குள்ளேயே இருப்பார்கள். கையில் சாமானோடு வெளியே வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. வெறுங்கையோடு வருகிறவருக்குக் கோடு கிடையாது. ரஞ்சனும் மூன்று நாள் இருந்து எண்ணினான். தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறுகிற நேரம் கோடு போட்டுக் கை உளைந்ததாம்.

அடுத்த வருடம் தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள்.

"ஆக்களை எண்ணினனான் அக்கா. அவை ஏன் வருகினம் எண்டு யோசிக்கேல்ல" என்றான். யார்தான் யோசிப்பார்கள்?

பிறகு பட்டணத்தின் பிரதான வீதி தன்னிடம் இருந்ததை ஒவ்வொன்றாக இழந்தது. பெரிய துணிக்கடை, வங்கிக் கிளை, சப்பாத்துக் கடை... அந்த இடங்களில் பழைய உடுப்பு விற்கிற தர்மக் கடைகளும் நகம் பூசுகிற கடைகளும் வந்தன. வேலை இல்லாமல் போகவில்லை. மோட்டர்வே ஓரத்துக்குப் போய்விட்டது. அங்கே ஒன்லைனில் நாங்கள் வாங்குகிற பொருட்களை அடுக்கி அனுப்புகிற பெரிய பெரிய களஞ்சியங்கள். சனங்கள் பஸ்ஸில் நேரே அங்கே போகிறார்கள், நேரே வீட்டுக்குத் திரும்புகிறார்கள். இடையில் ரஞ்சனின் கடை இல்லை.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். திட்டாதீர்கள். எனக்கு இருக்கிற ஒரே சகோதரம் அவன். அம்மா போனபோது நான் ரொறன்ரோவில், அவன் அங்கே. ஆளையாள் போன் திரையில் பார்த்துத்தான் அழுதோம். அவன் எனக்குப் பக்கத்தில் வேண்டும், அவ்வளவுதான். அவன் மனைவி சுபாவின் நேர்ஸ் வேலையால் விசாவும் கிடைத்ததா... மோர்னிங்சைட்டில் எங்கள் தெருவிலேயே வாடகைக்கு ஒரு பேஸ்மென்ற் வீடு பார்த்துச் சொல்லியும் வைத்துவிட்டேன். போன வசந்தத்தில், கடையை விற்க உதவி செய்கிறேன் என்று போய் இறங்கினேன். ஆளைக் கையோடு கூட்டிவருவதுதான் திட்டம்.

இறங்கிய அன்றே குண்டைப் போட்டான்.

"அக்கா, ஸ்ரேசனடியில ஒரு கடை விலைக்கு வந்திருக்கு. அதையும் ஒருக்காப் பார்த்திட்டு முடிவெடுப்பம்."

"உனக்கென்ன விசரே? ஒருக்காப் பட்டது காணாதே?"

அவனிடம் பதில் இருந்தது. மான்செஸ்ரர் கண்ணாடிக் கோபுரங்களாக வளர்ந்து, வாடகை தலைக்கு மேல் போய்விட்டதாம். இளம் ஆட்கள் ரயிலில் போய்வரக்கூடிய பட்டணங்களைத் தேடுகிறார்களாம். ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் பழைய பஞ்சாலை இப்போது அடுக்குமாடி வீடுகள். யோசித்துப் பார்த்தேன். இங்கே எங்கள் நகரம் சோளக்காணிகளைத் தின்றுகொண்டு வடக்கே ஸ்ரௌவ்வில் வரை போகிறது. அங்கே பட்டணம் சுருங்கிவிட்டு, தன் பழைய ஆலைக்குள்ளேயே கட்டில் போட்டுப் படுக்கிறது.

"சரி, போய் எண்ணு" என்றேன்.

"அந்தக் கடைக்காரருக்கு என்னைத் தெரியும், சுபாவைத் தெரியும், எங்கட காரையும் தெரியும். உங்களைத்தான் இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது."

ஆகவே மறுநாள் காலை ஆறு மணிக்கு, கடைக்கு எதிரே உள்ள பஸ் தரிப்பிட வாங்கில் குந்திக்கொண்டு, பிளாஸ்கோடும் கொப்பியோடும் நான்! பஸ்கள் வந்து நின்றன. நான் கையைக் காட்டிப் போகச் சொன்னேன். மூன்றாவது முறை வந்த அதே ட்ரைவர் கதவைத் திறந்து, "ஆர் யூ ஓல்றைட், லவ்?" என்று கேட்டார். மனிதருக்கு உண்மையிலேயே கவலை.

ஓல்றைட் எங்கே? ஏழு மணிக்குத் தொடங்கியது கூட்டம். லாப்டொப் பையோடு ஓடுகிறவர்கள், சைக்கிள்காரப் பெட்டை, நாயோடு கிழவர்... எல்லார் கையிலும் கோப்பி, சான்ட்விச், பால், இல்லாவிட்டால் ஒரு பார்சல். ஒவ்வொரு கோட்டுக்கும் எனக்கு எரிச்சல் ஏறியது. இன்னொருத்தனா? உன் வீட்டில் பால் இல்லையா, ராசா?

மதியம் பன்னிரண்டு மணிக்கு எழும்பினேன். இருநூற்றுப் பதினொரு கோடு.

அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். நாலாக மடித்துத் தரிப்பிடத்துக் குப்பைத்தொட்டிக்குள் போட்டேன். அதற்காக வெட்கப்படுகிறேன். அப்போது வெட்கப்படவில்லை.

ரஞ்சனின் கடைக்குள் நான் போனபோது அவனைத் தவிர யாரும் இல்லை. பூட்டிய தொழிற்சாலை வாசலைப் பார்த்துக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் நின்றான்.

"எத்தினை அக்கா?"

"எழுபது" என்றேன். மூன்றில் ஒரு பங்கு. முழுப்பொய் சொல்ல மனம் வரவில்லை.

"வெறுங்கையோட வந்தவையையும் சேர்த்தோ?"

"இல்லை. சாமானோட வந்தவை மட்டும்."

"அரை நாளுக்கு?"

"ஓம்."

அவன் ஸ்டூலில் இருந்துவிட்டான். கண் கலங்கியிருந்தது. முடிந்தது, ஆள் இனிக் கனடாதான் என்று எனக்குள் ஒரு துள்ளல். பாவமாகவும் இருந்தது. தோளில் கை வைத்து, "யோசிக்காதை, அங்க வந்து பாப்பம்" என்றேன்.

"என்ன அக்கா கதைக்கிறியள்? எழுபது தாராளம்! இஞ்ச இந்த நேரத்துக்கிடையில முப்பது பேர் வந்தாலே எனக்குப் பெருநாள்!"

அந்த இடத்திலேயே சுபாவுக்குப் போன் எடுத்தான். நான் பால் அலுமாரியில் சாய்ந்துகொண்டு நின்றேன். நான் ரொறன்ரோ திரும்பிய வாரமே பேஸ்மென்றை வேறு ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது ஸ்டேஷன் கடையில் அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. போன மாதம் போனில் என்னையே பகிடி பண்ணினான். "அக்கா, அண்டைக்கு எங்க பராக்குப் பார்த்தனீங்கள்? இஞ்ச காலமையிலயே இருநூறு தாண்டுது!"

பதினாலு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அவனோடு போனில் கதைத்திருக்கிறேன். உன் கடைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒரு நாளாவது கேட்டிருந்தால், அன்றைக்கு இருபது என்று சொல்லியிருப்பேன்.